மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

சிகாகோவுக்குப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் வேலூர்ப் பெற்றோருக்கு, "கருப்பர்களைக் கண்டால் ஒதுங்கச் சொல்லுங்கள்" என்று அறிவுரை தருகிறது ஒரு கட்டுரை. ஆபத்தை அளக்கும் அளவுகோலே தப்புங்க.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 48,800 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. முதலில் அதைக் கழியுங்கள். பிறகு லட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று வகுத்துப் பாருங்கள். செய்தியில் சிகாகோ அடிபடும். விகிதத்தில் செயின்ட் லூயிஸ், பால்டிமோர் நகரங்கள் பல ஆண்டுகள் அதற்கு மேலே இருந்தவை. சிகாகோவிலும் 77 பகுதிகள். துப்பாக்கிச் சூடு குவிவது மேற்கிலும் தெற்கிலும் சில பகுதிகளில், அதிலும் சில தெருக்களில். மாநகர நிர்வாகத்தின் தரவுத்தளத்தில் தெருவாரியாகத் தேடலாம். தங்கும் முகவரி, வகுப்பு முடியும் நேரம், ரயிலிலிருந்து இறங்கி நடக்கும் வழி, இந்த மூன்றையும் வைத்துத் தேடுங்கள். எதிரே வருபவரின் தோல் நிறம் இதில் எதையும் சொல்லாது. அங்கே குண்டுக்கு அதிகம் பலியாவதே கருப்பின இளைஞர்கள்தான்.

பயம் என்ன செய்யும் என்று நம் ஊருக்குத் தெரியாதா? 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி. குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியையும் விடவில்லை. இரண்டு இடத்திலும் 'வெளியாள்' என்பதே சாட்சியாகிவிட்டது.

இங்கேயும் நிறத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். காட்பாடியில் ஆப்பிரிக்க மாணவர் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், அடையாள அட்டை, விசா, கல்லூரிக் கடிதம் பாருங்கள். எல்லா வாடகைதாரரிடமும் கேட்கும் அதே முன்பணத்தைக் கேளுங்கள்.