சால்வை வேண்டாம், லாரி அனுப்புங்க

போன மாதம் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் ஞாயிறுதோறும் குப்பை பொறுக்கும் குழுவைப் பல வருடமாக நடத்திவரும் அக்காவுக்குச் சால்வை போட்டார்கள். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். எந்தக் கடற்கரை என்றும் சொல்லப்போவதில்லை. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி. அவ்வளவுதான். ஊரைச் சொன்னால் எப்போதாவது வருகிற லாரியும் வராமல் போய்விடும்.

சால்வை பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மேடையை விட்டு இறங்கியதும் அக்கா அந்த உறையை மட்டும் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "கண்ணாடித் துண்டு போட ஆகும்" என்றார். சால்வையை நாற்காலியிலேயே மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அன்றைக்குப் பேசிய ஐந்து பேரும் நன்றாகத்தான் பேசினார்கள். தன்னலமற்ற சேவை, கடல் அன்னை, வருங்காலத் தலைமுறை எல்லாம் வந்தது. ஒருவர்கூட அவரைப் பார்த்து "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும்: லாரி.

விளங்கச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் மூட்டைகள் சாலையோரம் அடுக்கப்பட்டுவிடும். ஒன்பது மணிக்குக் குப்பை லாரி வரும் என்று முந்தைய நாள் போனில் சொல்லியிருப்பார்கள். வராது. திங்கள் வரும், செவ்வாய் வரும், சில வாரம் அதுவும் கிடையாது. அதற்குள் நாய் கிழிக்கும், மாடு இழுக்கும், பாட்டில் பொறுக்குகிறவர்கள் மூட்டையை அவிழ்த்துத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுப் போவார்கள். மாலைக் காற்று பாதியைத் திரும்ப மணலுக்குக் கொண்டுபோகும். முதல்முறை வந்த காலேஜ் பையன் மாலையில் வாக்கிங் வந்து அந்தக் கோலத்தைப் பார்த்தான் என்றால், இரண்டாம் முறை வர மாட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அதனால் அக்கா மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிணத்துக்குக் காவல் இருக்கிற மாதிரி இருக்கு என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மும்பை வெர்சோவா கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞரும் பக்கத்து வீட்டில் இருந்த 84 வயதுப் பெரியவர் ஹர்பன்ஷ் மாத்தூரும் இரண்டே பேராக இறங்கிப் பொறுக்க ஆரம்பித்தார்கள். வாரா வாரம் கூட்டம் சேர்ந்தது. 2016இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அஃப்ரோஸ் ஷாவுக்கு 'பூமியின் சாம்பியன்' விருது கொடுத்தது. 2017 மே மாத வானொலி உரையில் பிரதமரே வெர்சோவாவைப் பாராட்டினார். இதற்கு மேல் என்ன அங்கீகாரம் வேண்டும்? அதே 2017 நவம்பரில், பொறுக்கிக் குவித்த குப்பையை எடுத்துப்போக ஆள் வராததாலும் தன்னார்வலர்களைச் சிலர் மிரட்டியதாலும் அஃப்ரோஸ் ஷா வேலையையே நிறுத்திவைத்தார். உலக விருது அலமாரியில், குப்பை கரையில். பிறகு மகாராஷ்டிர முதல்வர் தலையிட்டு உறுதி கொடுத்ததும் மீண்டும் தொடங்கினார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) குஞ்சுகள் கடலை நோக்கி நடந்தன. இருபது வருடத்துக்குப் பிறகு அங்கே பார்க்கிறோம் என்றார்கள். ஆமை திரும்பி வந்ததில் விருதுக்கு எத்தனை பங்கு, குப்பை அள்ளப்பட்டதில் எத்தனை பங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாம் இன்னொரு குழப்பமும் செய்கிறோம். குப்பை பொறுக்குவதும், பொறுக்க ஆள் கூட்டுவதும் ஒன்று என்று நினைக்கிறோம். நான் முதல் வகை. ஆறரைக்குப் போவேன், கையுறை கொடுப்பார்கள், குனிவேன், நிமிர்வேன், சுண்டல் கொடுத்தால் சாப்பிடுவேன், வீட்டுக்கு வந்து போட்டோ போடுவேன். அதற்கு நூறு லைக் விழும். அக்காவின் ஞாயிற்றுக்கிழமையோ புதன்கிழமையே ஆரம்பித்துவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கடிதம். குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது அவர்கள் கரை, அங்கே வலை காயும், கருவாடு காயும், நாம் ஷூ காலோடு மிதித்துவிட்டு சேவை என்று சொல்ல முடியாது. அரிசி மண்டியில் பழைய சாக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் எதுவரை ஏறும் என்ற கணக்கு. தராசு. முதலுதவிப் பெட்டி. ஊசி குத்தினால் யாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்ற யோசனை. கடற்கரையில் ஊசி கிடக்கும், தெரியுமா உங்களுக்கு?

அதோடு, எதைப் பொறுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கவும் ஆள் வேண்டும். ஒருமுறை ஐ.டி. கம்பெனியிலிருந்து ஒரே நிற டி-ஷர்ட்டில் ஒரு பஸ் ஆட்கள் வந்தார்கள். பேனர் பிடித்துப் போட்டோ எடுக்க இருபது நிமிடம், பொறுக்க நாற்பது நிமிடம். போகட்டும், அந்த நாற்பது நிமிடமும் கடலுக்கு லாபம்தான். ஆனால் ஒரு தம்பி களை என்று நினைத்து அடப்பங்கொடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டார். மணல்மேட்டைக் காற்றும் அலையும் கொண்டுபோகாமல் பிடித்துவைப்பதே அந்தக் கொடிதான். அக்கா போட்ட சத்தத்தில் மீன் ஏலத்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பெனி வரவில்லை. அவர் வாய்க்குப் பயந்து குழுவை விட்டுப் போனவர்கள் நிறைய உண்டு. பாதி நாள் எனக்கும் திட்டு விழும். விழா மேடையில் சொன்ன 'புன்னகை மாறா முகம்' யாருடையது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூட்டத்தைக் குறைத்துவிடுவார். மண்வாரி, கம்பு எதையும் மணலில் குத்த விட மாட்டார். பங்குனி ஆமை முட்டையிடும் காலம். சென்னையில் 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இந்த மாதங்களில் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். தலைமுறை மாறி மாறி மாணவர்கள் வருகிறார்கள், நடக்கிறார்கள், வேலை கிடைத்துப் போகிறார்கள், அடுத்த செட் வருகிறது. நகரம் தூங்குகிற நேரத்து வேலை என்பதால் போட்டோவும் குறைவு. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்துச் சென்னைக் கரையில் ஒதுங்கியபோதுதான் பல பேருக்கு இப்படி நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரிந்தது.

இனி அக்காவின் நோட்டுக்கு வருகிறேன். லாங் சைஸ் நோட்டு, ஓரமெல்லாம் உப்புத் தண்ணீர் பட்டு உப்பிப் போயிருக்கும். ஒவ்வொரு வாரமும் எத்தனை தண்ணீர் பாக்கெட், எத்தனை குவார்ட்டர் பாட்டில், எத்தனை ஒற்றைச் செருப்பு (எப்போதும் ஒற்றைதான், ஜோடி எங்கே போகிறது என்பது கடலுக்கே வெளிச்சம்), எத்தனை கிலோ அறுந்த வலை, எத்தனை டயப்பர் என்று எழுதியிருக்கும். எண்ணுவதென்றால் யாருக்கும் பிடிக்காது. பொறுக்கும்போது இருக்கிற உற்சாகம் எண்ணும்போது கரைந்துவிடும். எனக்கும்தான்.

ஆனால் இந்த வேலையே எண்ணிக்கையில் தொடங்கியதுதான். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் 2,800 பேரைத் திரட்டியபோது பொறுக்கியதோடு விடாமல், ஒவ்வொரு பொருளையும் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே நிறுத்தச் சொல்ல முடியும். அதுதான் இன்று செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள். இந்தியாவில் 2006இலிருந்து கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கிறது. நம் ஊரில் அந்தச் சனிக்கிழமை சில வருடம் விநாயகர் சிலைகளைக் கரைக்கும் சமயத்தை ஒட்டி வந்துவிட்டால் அன்றைய கணக்கில் கட்டைகளும் மாலைகளும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர், நவம்பர் மழை வந்தால் கணக்கே தலைகீழ். அடையாறும் கூவமும் ஊருக்குள்ளிருந்து அடித்துவந்ததைக் கடல் திருப்பிக் கொடுக்கும், ஆகாயத்தாமரையும் தெர்மாகோலும் பின்னிப் பிணைந்து. கடற்கரைக்கு வருகிறவர்கள்தான் குப்பை போடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் மழைக்கு மறுவாரம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

எண்ணினால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நீலகிரியைக் காட்டுவேன். 2022இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கே மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்தது கடைக்குத் திரும்பியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். எத்தனை ஆயிரம் பேர் குனிந்து பொறுக்கினாலும் வராத சுத்தம் பத்து ரூபாயில் வந்தது. அந்த மாதிரி முடிவெடுக்கத் தேவையான கணக்கு அக்காவின் நோட்டில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. இதுவரை எந்த அலுவலகத்திலிருந்தும் ஒருவரும் அதைக் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. ஏரியா சபை என்று 2022இலிருந்து நகரங்களில் கூட்டம் போடுகிறார்களே, அதில் பத்து நிமிடம் கொடுத்து அந்த நோட்டைப் படிக்கச் சொல்வதைவிடப் பெரிய மரியாதை ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

விருதே கூடாது என்று சொல்லவில்லை. மாநில அரசு பசுமை முதன்மையாளர் விருது என்று தருகிறது, ஒரு லட்சம் ரூபாயோடு. நல்ல விஷயம். ஆனால் விருது வேண்டும் என்று விண்ணப்பிக்க வேண்டும். என்னைப் பாராட்டுங்கள் என்று நானே மனுப் போட்டு, போட்டோ, பேப்பர் கட்டிங், சான்று எல்லாம் ஃபைல் செய்து கொடுக்க வேண்டும். ஃபைல் செய்யத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்துவிடும். மூட்டைக்குக் காவல் இருக்கிறவர் எப்போது ஃபைல் போடுவார்? தேடிப் போய்க் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் ஒரு காலத்தில் சான்றிதழை எல்லாம் கேலி செய்துகொண்டிருந்தவன். குப்பத்துப் பையன் ஒருவன், பிளஸ் டூவில் பெயில் ஆனவன், எங்களோடு ஒரு வருடம் விடாமல் வந்தான். வருடக் கடைசியில் அக்கா தன் கையால் எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார், எத்தனை ஞாயிறு வந்தான், என்ன செய்தான் என்று தேதி போட்டு. அவன் வீட்டில் அது முருகர் காலண்டருக்குப் பக்கத்தில் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது. "எங்க வீட்ல பேர் போட்டு வந்த மொத காயிதம் சார், ரேஷன் கார்டு தவிர" என்றான் அவன் அப்பா. அன்றோடு கேலியை நிறுத்திவிட்டேன். அந்தத் தாளில் இருந்தது முழுக்க உண்மை, அவன் செய்தது மட்டும். பாராட்டுரை என்று ஒரு வரி கிடையாது.

பாராட்டு சில நேரம் ஆபத்தும்கூட. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கும். மாணவர்களும் மீனவர்களும் வாளியால் அந்தக் கரும்பிசினை அள்ளினார்கள். வாளி வீரர்கள் என்று கொண்டாடினோம். அந்தப் படங்களைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தது எனக்கும்தான். இவ்வளவு பெரிய துறைமுக நகரத்தில் எண்ணெயை எடுக்க வாளிதான் இருக்கிறதா என்ற கேள்வி அந்தக் கைத்தட்டலில் அமுங்கிப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். மறுபடி மீனவர்கள். மறுபடி வாளி.

விழாவில் எனக்கு உறுத்திய இன்னொன்று. ஹாலின் பின்வரிசையில் நான்கு தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள், விழா முடிந்தபின் பெருக்குவதற்காக. நாங்கள் வாரத்தில் இரண்டரை மணி நேரம் செய்வதை அவர்கள் தினமும் செய்கிறார்கள். எங்களுக்குச் சேவை, அவர்களுக்கு வேலை. எங்களுக்கு ரப்பர் கையுறை, அவர்களில் பல பேருக்கு வெறும் கை. சம்பளம் வாங்குகிறார்களே என்பீர்கள். அந்தச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வருகிறது என்று ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள். லாரி வராத நாளில் அக்காவுக்குப் போன் செய்து "அக்கா, இன்னிக்கு வண்டி பஞ்சர், காத்துக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்வது அந்த அம்மாக்களில் ஒருவர்தான். அதிகாரிகள் யாரும் இல்லை.

கமென்ட்டில் "நீ என்ன செய்தாய்" என்று கேட்க வருபவர்களுக்கு: மேலே எழுதிவிட்டேன், குனிவேன், நிமிர்வேன், சுண்டல் சாப்பிடுவேன். இப்போது கூடுதலாக, லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொன்னார்கள், எத்தனை மணிக்கு வந்தது என்று நானும் ஒரு நோட்டு போட ஆரம்பித்திருக்கிறேன். மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும் ஏரியா சபையில் படிக்கலாம் என்று திட்டம். அக்கா சம்மதித்திருக்கிறார், நான் படித்தால்தான் என்ற நிபந்தனையோடு; அவர் படித்தால் சண்டை ஆகிவிடுமாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து மெசேஜ். இந்த ஞாயிறு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வருகிறார்களாம், சின்ன சைஸ் கையுறை நாற்பது ஜோடி குறைகிறது. யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். தோட்ட வேலைக்குப் போடுகிற துணிக் கையுறை போதும். ஒருமுறை போட்டுத் தூக்கிப்போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம், போன தடவை அதை வாங்கிப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.