இன்றிரவு 9.30-க்குக் கரண்ட் கட்டாம்!

"உங்கள் முந்தைய மாத மின்கட்டணம் அப்டேட் ஆகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின்இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின்வாரிய அதிகாரியை அழைக்கவும்." கீழே பத்து இலக்க மொபைல் நம்பர். 2022-ல் பரவலாகச் சுற்றிய மெசேஜ் இது.

இதில் ஏமாறுகிறவர்களை விவரமில்லாதவர்கள் என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. லாட்டரி ஆசையில் யாரும் இதில் விழுவதில்லை. காலமெல்லாம் பாக்கி வைக்காமல் பில் கட்டியவர்கள்தான் பதறிப்போய் அந்த நம்பருக்குப் போன் போடுகிறார்கள்.

அந்தப் பக்கம் பேசுகிறவன் மிரட்டுவதில்லை. "நீங்க கட்டிட்டீங்க சார், சிஸ்டத்துல ஏறல. பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்க, சரியாயிடும்" என்பான். பத்து ரூபாய்தானே என்று நமக்கும் தோன்றும். அதற்காக எனிடெஸ்க், குவிக்சப்போர்ட் மாதிரி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான். இறக்கி அனுமதி கொடுத்துவிட்டால் நம் போன் திரை அவன் கண்முன். நாம் தட்டுவதும், வரும் ஓடிபியும் அவனுக்குத் தெரியும். கணக்கு காலி.

ஆனால் அந்த மெசேஜே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்புறம் ஏது 'முந்தைய மாத' பில்? நம் மின்இணைப்பு எண் இல்லை, தொகை இல்லை. கெடு தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க லைன்மேன் பகலில் நேரில் வருவார். சந்தேகம் இருந்தால் மெசேஜில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-ல் கேளுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று பெரியவர்கள் மறைப்பதில்தான் அந்த நேரம் போகிறது. தயவுசெய்து திட்டாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அப்பாவே ஈ.பி. ஆபீஸ் வரிசையில் நின்று கட்டுவார், வெள்ளை அட்டையில் கணக்கு இருக்கும். இப்போது பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்து போனில் கட்டிவிடுகிறோம். பில் கட்டியாயிற்றா என்பதே ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. மோசடிக்காரன் நுழைவது இந்த இடைவெளியில்தான். இனி கட்டியவுடன் ரசீதை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பார்க்காதவர் என்றால் போன் செய்து, "இந்தத் தடவை இவ்வளவு வந்துச்சு, கட்டியாச்சுப்பா" என்று சொல்லிவிடுங்கள்.