என்3 வேண்டாம், என்11 வழியாகப் போங்கள்

டிசம்பர் லீவு நெருங்க நெருங்க, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் எங்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும். "ஃபேமிலியோட வர்றோம், பத்து நாள் இருக்கு, என்னென்ன பாக்கலாம்?" கேட்பவர் கையிலேயே ஒரு பட்டியலும் இருக்கும்: கேப் டவுன், டேபிள் மவுண்டன், க்ரூகர் காட்டில் சிங்கம், சன் சிட்டி சூதாட்ட விடுதி, அப்புறம் நேரம் இருந்தால் டர்பன் பீச். டேபிள் மவுண்டனை நான் குறை சொல்லவில்லை, மேலே போய் நின்றால் யாருக்கும் வாய் பிளக்கத்தான் செய்யும். ஆனால் இந்த டூர் நோட்டீஸ்களில் இயற்கை ஒரு நாள், சரித்திரம் ஒரு நாள் என்று பாகம் பிரித்துவிடுகிறார்கள். மலை என்றால் செல்ஃபி, சரித்திரம் என்றால் ஏசி போட்ட மியூசியம். இந்த நாட்டில் அப்படிப் பிரிக்கவே முடியாது என்பது என் கட்சி. எங்கே கண்ணுக்கு அழகாக இருக்கிறதோ அங்கேதான் யாரோ யாரையோ சுட்டிருக்கிறார்கள், சில இடங்களில் நம்ம ஆட்கள் கால் தேய நடந்திருக்கிறார்கள்.

ஜோபர்க்கிலிருந்து டர்பனுக்கு எல்லோரும் என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரத்தில் பறந்துவிடுகிறார்கள். அதை விட்டு, ஹைடெல்பர்க்கில் ஆர்23 பிடித்து ஸ்டாண்டர்ட்டன், வோக்ஸ்ரஸ்ட், அங்கிருந்து என்11-இல் சார்ல்ஸ்டவுன், நியூகாசில், லேடிஸ்மித் என்று போங்கள். நிலக்கரி லாரிகள் ஓடி ஓடி ரோடு சில இடங்களில் குண்டும் குழியுமாக இருக்கும், இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். வோக்ஸ்ரஸ்ட் வரை சோளக்காடும் சமவெளியும்தான், கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். அதைத் தாண்டியதும் நிலம் உடைந்து, டர்பன் இருக்கும் நேட்டால் பக்கம் இறங்கத் தொடங்கும். மஜூபா மலை அங்கேதான் நிற்கிறது, 1881-இல் போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த இடம்.

நான் வண்டியை நிறுத்தச் சொல்வது மஜூபாவுக்காக அல்ல. 1913 நவம்பர் 6 காலை, சார்ல்ஸ்டவுனிலிருந்து, நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் (ஜோகன்னஸ்பர்க் இருந்த மாகாணம்) நடுவிலிருந்த வோக்ஸ்ரஸ்ட் எல்லையை நோக்கி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு நடந்து புறப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த இந்தியர்கள், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்பதை எதிர்த்து. மாதம் 14 ஷில்லிங் வாங்குகிறவனுக்கு அது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். காந்தியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்தைக் கிளப்பியது டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. அவர்களைப் பிடித்து மூன்று மாதம் கடுங்காவலில் போட்டார்கள். நடந்தவர்களுக்கு ஒரு நாள் சாப்பாடு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. ஓடையைக் கடக்கும்போது ஒரு தாயின் கையிலிருந்து நழுவி ஒரு குழந்தை தண்ணீரில் போய்விட்டது. நவம்பரில் முதல் மழை விழுந்து புல் பச்சை பிடித்திருக்கும், அந்தப் பக்கத்து ஓடைகளெல்லாம் காரை ஓரம் கட்டி போட்டோ எடுக்கிற அழகு. எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, இதையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

லேடிஸ்மித் தாண்டி ஸ்பியன்காப் குன்று. கீழே அணைக்கட்டு ஏரி, மேற்கே டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர் முழுசாக, காற்று ஆளையே தள்ளும். 1900 ஜனவரியில், போயர்களோடு நடந்த இரண்டாவது போரில், பிரிட்டிஷ் படை ராத்திரியோடு ராத்திரியாக மூடுபனிக்குள் இந்தக் குன்றின் மேல் ஏறிவிட்டது. பாறையாக இருந்ததால் பதுங்குகுழியை ஆழமாக வெட்ட முடியவில்லை. விடிந்து பனி விலகினால் சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்கள் குறி பார்க்கிறார்கள். அந்தப் பதுங்குகுழியிலேயே செத்தவர்களைப் புதைத்தார்கள், இன்றும் வெள்ளைக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் ஆன்ஃபீல்டில் 'காப்' என்று சொல்லும் ஸ்டாண்ட் இந்தக் குன்றின் பெயரில் வந்ததுதான். அந்தப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை டோலியில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர், அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு வந்த கூலிகளில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். டோலி தூக்கிய தோள்களில் எத்தனை தஞ்சாவூர், எத்தனை வட ஆற்காடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிராக்கன்ஸ்பெர்க். ராயல் நேட்டால் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர், அதிலிருந்து 948 மீட்டர் விழும் துகேலா அருவி. குளிர்காலத்தில் அருவி நூல் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்தில் மதியத்துக்குமேல் இடி இடிக்கும், காலையிலேயே நடந்து முடித்துவிடுங்கள். இந்த மலைக்குகைகளில் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் வரைந்த 35,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. வழிகாட்டியோடு போனால் அதில் பெரிய ஈலண்ட் மான்களைக் காட்டுவார்கள், "சான் மக்கள் ஒரு காலத்தில் இங்கே இருந்தார்கள்" என்பார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சில ஓவியங்களில் குதிரை மேல் துப்பாக்கியோடு வருகிறவர்களையும் அவர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் சான் மக்களை வேட்டையாடித் துரத்தினார்கள்.

கிளம்புவதற்கு முன் ஜோபர்க்கிலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சென்னை எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்தில் தில்லையாடி வள்ளியம்மை பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் பிறந்ததும் இங்கே, காந்தியின் அந்தப் போராட்டத்தில் கைதாகி, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்ததும் இங்கே. பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் அவளும், அவளுக்கு முன்பே காந்தியின் போராட்டத்தில் சிறை போய் இறந்த நாகப்பனும் இருக்கிறார்கள். பூ வாங்கிக்கொண்டு போங்கள், உள்ளே எதுவும் விற்கமாட்டார்கள்.

"இதெல்லாம் பார்த்தால் பட்டியலில் எதை வெட்டுவது?" என்றால் சன் சிட்டியை வெட்டுங்கள். அதற்கும் சரித்திரம் உண்டு, இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை இருந்த காலத்தில், நிறவெறி அரசு 'தனி நாடு' என்று பெயர் சூட்டி வைத்திருந்த பொஃபுதட்ஸ்வானாவுக்குள் 1979-இல் கட்டினார்கள், வெள்ளைக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ச் சீட்டாடிவிட்டு வர. நோட்டீஸில் அதைப் போடமாட்டார்கள்.