ஆப்ஷன் வாங்கத் தெரியாத டிரைவர்கள்

ஹார்டுவேரை இயக்குற கோடு, அதாவது டிரைவர், நாம குடுக்கற செட்டிங்கை எப்படி வாங்கக் கூடாதுங்கறதுக்கு ஒரு கதை. ஒரு பில்லிங் கவுண்டர் மெஷின். யூஎஸ்பி பார்கோடு ஸ்கேனர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிடுது, அடுத்து அடிக்கிற முதல் ஸ்கேன் காணாம போயிடுது. யாரோ பவர் சேவிங் டூல் போட்டு எல்லா டிவைஸுக்கும் ஆட்டோசஸ்பெண்ட், அதாவது சும்மா இருந்தா தானா தூங்க வைக்கறது, ஆன் பண்ணிருக்காங்க. சரி, லினக்ஸ்ல யூஎஸ்பியை பாத்துக்கற யூஎஸ்பிகோர்ங்கிற மாட்யூலுக்கு (கர்னல்ல, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதியில, தேவைப்படும்போது ஏத்திக்கற துண்டு) ஆட்டோசஸ்பெண்ட்னு ஒரு பாராமீட்டர் இருக்கு, டீஃபால்ட் 2 செகண்ட், -1 குடுத்தா தூங்காது, அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சு மாட்யூலை ஏத்தற மாட்ப்ரோப்போட கான்ஃபிக்ல ஒரு வரி போட்டு ரீபூட் பண்ணேன்.

ஒண்ணும் மாறல. ரெண்டு நாள் போச்சு.

விஷயம் என்னன்னா அந்த கர்னல்ல யூஎஸ்பிகோர் தனி மாட்யூலே இல்ல, உள்ளயே சேத்து பில்ட் பண்ணிருக்கு, அதனால அந்த ஃபைலை படிக்க ஆளே இல்ல, பூட் கமாண்ட் லைன்ல குடுத்தாதான் ஏறும். சரின்னு, கர்னல் செட்டிங்கை ஃபைலா காட்டற சிஸ்எஃப்எஸ் வழியா ரன்னிங்லயே -1 எழுதினேன், எரர் எதுவும் இல்லாம வாங்கிக்கிச்சு, ஆனா அது இனிமே சொருகுற டிவைஸுக்கு மட்டும்தானாம், ஏற்கனவே சொருகி இருக்க ஸ்கேனர் பழையபடி தூங்கிட்டே இருக்கு! வாங்கிக்கிட்ட மாதிரி தலையாட்டிட்டு ஒண்ணுமே செய்யாம இருக்கறதுதான் எனக்கு கடுப்பு. முடியாதுன்னு சொன்னாகூட வேற வழி பாத்திருப்பேன்.

மாட்யூல் பாராமீட்டர் பேர்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சு பாருங்க, தெரியாத பாராமீட்டர், விட்டுட்டேன்னு கர்னல் லாக்ல ஒரு வரி போட்டுட்டு மாட்யூல் ஜம்முனு லோட் ஆயிடும். அந்த வரியை யார் போய் பாக்கறா?

கடைசில அதே சிஸ்எஃப்எஸ்ல ஸ்கேனரோட சொந்த பவர் ஃபோல்டர்லதான் தீர்வு கெடச்சுது. கண்ட்ரோல்னு ஒரு ஃபைல், அதுல ஆன், ஆட்டோ ரெண்டுல ஒண்ணு எழுதணும். ஆன்னா ஆட்டோசஸ்பெண்ட் ஆஃப்னு அர்த்தம், சிரிக்காதீங்க, டிவைஸ் எப்பவும் ஆன்ல இருக்கும்ங்கிற கணக்கு. ஆனா இந்த டிசைன் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு டிவைஸுக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபைல்ல ஒரே மதிப்பு, வேற ஏதாவது எழுதினா மூஞ்சில அடிச்ச மாதிரி எரர். எவ்வளவு நேரம் கழிச்சு தூங்கணும்னு சொல்ற, பக்கத்துல இருக்க டிலே ஃபைலோட பேர் எம்எஸ்னு முடியும், மில்லிசெகண்ட்னு பேரே சொல்லிடுது, மாட்யூல் பாராமீட்டரோ செகண்ட்ல, அதை டாக்குமெண்ட் படிச்சாதான் தெரியும்.

ப்ரோக்ராம் டிரைவருக்கு கட்டளை அனுப்பற ஐஆக்டில்லயும் இதே கதைதான். அதுல அனுப்பற ஸ்ட்ரக்சர்ல பின்னாடி தேவைப்படும்னு ரிசர்வ்ட் ஃபீல்டு விடுவாங்க, அது ஜீரோவான்னு செக் பண்ண மாட்டாங்க, நாலு வருஷம் கழிச்சு அந்த ஃபீல்டுக்கு அர்த்தம் குடுக்கலாம்னு போனா, பழைய ப்ரோக்ராம் எல்லாம் அதுல குப்பையோட வரும், கைய வைக்க முடியாது. டிரைவர் ஆளுங்கள மட்டும் சொல்லல, ஃபைலைத் திறக்கச் சொல்லி கர்னலைக் கேக்கற ஓபன் சிஸ்டம் காலே தெரியாத ஃப்ளாக் வந்தா கண்டுக்காம விட்டுடும், அதை மாத்தினா பழசு உடையும்னு, 2020ல லினக்ஸ் 5.6ல தெரியாத ஃப்ளாக் வந்தா எரர் குடுக்கற ஓபன்அட்2ன்னு புதுசாவே ஒண்ணு கொண்டுவந்தாங்க.

நேத்து டீம்ல ஒரு தம்பி புது டிரைவருக்கு டைம்அவுட்னு ஒரு மாட்யூல் பாராமீட்டர் போட்டு ரிவ்யூவுக்கு அனுப்பினான். "ஒரே போர்டுல ரெண்டு சிப் இருந்தா எந்த சிப்புக்குப்பா இந்த டைம்அவுட்?"னு கேட்டேன். "ரெண்டுக்கும்தாண்ணே"ன்னான். "எந்த யூனிட்?"னு கேட்டேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "ஜிஃபிஸ்ண்ணே"ங்கறான். ஜிஃபிஸ்னா கர்னலோட உள் கடிகார டிக், அதை யூசர்கிட்ட கேக்கறான், அந்த டிக் எவ்வளவு நீளம்ங்கறதும் கர்னல் கான்ஃபிக்கைப் பொறுத்து மாறும்!