1981-இல் முடிந்துவிடவில்லை

“மேற்கு ஆப்பிரிக்க நாடான மௌரித்தானியா 1981-இல் அடிமைமுறையை ஒழித்துவிட்டது; பிறவி அடிமைகள் இன்று உலகில் எங்கும் இல்லை” என்றொரு செய்தி பரவுகிறது. ஆண்டு சரி. முடிவு தவறு.

1981-இல் வந்தது வெறும் ஆணை. அடிமை வைத்திருந்தவருக்கு அதில் தண்டனையே இல்லை. 2007-இல்தான் அது குற்றமானது. 2015-இல் வந்த சட்டம் தண்டனையை 20 ஆண்டுகள் வரை உயர்த்தியது. முடிந்துபோன கொடுமைக்கு எதற்கு இத்தனை சட்டங்கள்?

அங்கே அடிமைநிலை தாய்வழியில் இறங்குகிறது. அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்களான ஹராத்தீன் சமூகத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை, கண் திறக்கும் முன்பே எசமானின் உடைமை. கூலியின்றி ஆடு மேய்க்கும், தண்ணீர் சுமக்கும். பிறப்புப் பதிவு இல்லாவிட்டால் பள்ளியும் எட்டாது. சங்கிலி தேவையில்லை, போக்கிடம் இல்லாமையே கட்டிப்போடுகிறது.

2018-இலும் அந்நாட்டின் நுவாதிபு நகர நீதிமன்றம் அடிமை வைத்திருந்த குற்றத்துக்குச் சிறைத்தண்டனை விதித்தது.