ருசியைப் பற்றிப் பேச யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஆச்சி ஒருவர் நடத்தும் செட்டிநாட்டு மெஸ்ஸைப் பற்றி ஒரு பத்திரிகை விமர்சகர் எழுதி, ஞாயிற்றுக்கிழமை வந்த அந்த விமர்சனத்தை எல்லோரும் படித்திருப்பீர்கள். காரைக்குடி ஆட்கள் பலர் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள். மெஸ்ஸைக் குறை சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். கடைசிப் பத்தியில், சாப்பாட்டைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் ருசியைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் உறுத்துகிறது.

ஏன் நிறுத்த வேண்டும்? சொந்தக் காசில் சாப்பிடுகிறோம், பிடித்ததை எழுதுகிறோம். ருசி தெரிய விசிட்டிங் கார்டு வேண்டுமா?

மண்டி தண்ணீராக இருக்கிறதாம், கோழிக்குழம்பில் செட்டிநாட்டுக் காரமே இல்லையாம். மண்டி என்கிற எங்கள் ஊர்ப் பதார்த்தமே அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைப்பதுதான். எங்கள் வீட்டுக் குழம்பு மணப்பது கல்பாசியாலும் மராட்டி மொக்காலும் சோம்பாலும். மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவது ஓட்டல்கள் பழக்கிவிட்ட வழக்கம். தேவகோட்டையில் அப்பத்தா கல்பாசியைத் துளிதான் போடுவார். அது எண்ணெயில் விழுந்த வாசனையை வைத்தே, முகப்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஐயா இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். அவர் எந்தப் பத்திரிகையிலும் எழுதியதில்லை. அவருக்கு ருசி தெரியாதா?

பயிற்சி வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான். உணவு விமர்சனத் தொழிலை நான் மதிக்கிறேன். 1957இல் நியூயார்க் டைம்ஸில் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளைபோர்ன் ஒரு முறையை நிலைநிறுத்தினார்: யாரென்று காட்டிக்கொள்ளாமல் போக வேண்டும், பலமுறை போக வேண்டும், பில்லைப் பத்திரிகை கட்ட வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமை விமர்சகர் மெஸ்ஸுக்கு வந்தது ஒரே ஒரு மத்தியானம். அதுவும் முன்கூட்டியே போன் செய்து, போட்டோ எடுக்க ஆளோடு. தன் தொழிலின் முறையையே மதிக்காதவர் எங்களுக்குத் தகுதி இல்லை என்கிறார்.

உணவக விமர்சனத்துக்காக முதன்முதலில் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் புலிட்சர் பரிசு வாங்கியவர் ஜோனதன் கோல்ட், 2007இல். இளவயதில் பிழைதிருத்தும் வேலை பார்த்துக்கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் பிகோ சாலை நெடுகக் கடை கடையாக ஏறிச் சாப்பிட்டவர் அவர். அப்போது அவரும் எங்களைப் போல ஆசைக்குச் சாப்பிட்டவர்தானே?

ஓசிச் சோற்றுக்குப் புகழ்கிற கூட்டம் என்று நேற்று ஒருவர் கமெண்ட் போட்டார். அப்படியும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

இதையெல்லாம்விட மனசு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுரையை மெஸ் ஆச்சிக்கு அவர் மகன் படித்துக் காட்டியிருக்கிறார். இப்போது மண்டியை நிறுத்திவிட்டார்கள். கோழிக்குழம்பு செக்கச்செவேல் என்று வருகிறது. "காரம் இப்ப சரியா இருக்கா தம்பி?" என்று ஆச்சி என்னிடம் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கே சோறு போட்டவர், யாரோ ஒருவர் எழுதியதற்காகத் தன் கைப்பக்குவத்தையே சந்தேகப்படுகிறார்.

ஆச்சி, நீங்கள் பழையபடியே வையுங்கள். மண்டி வைக்கிற அன்றைக்குத் உங்கள் மகனை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்கள். நாங்கள் கூட்டமாக வருகிறோம். சாப்பிட்டுவிட்டு எழுதவும் செய்வோம்.