மாட்டுங்காவிலிருந்து பத்லாபூர் வரை

அப்பா காலத்தில் மும்பை மாட்டுங்காவில் ஒரே அறை வீடு. ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடைகள், நடக்கிற தூரத்தில் ஆஸ்திக சமாஜம் கோயில். அங்கிருந்து காட்கோபர் போனோம். வேலைக்குப் போக ரயிலில் கொஞ்சம் கூடுதல் நேரம், ஆனால் தனிச் சமையலறை கிடைத்தது. அப்புறம் இன்னும் தள்ளி முலுண்டு, ஒரு படுக்கையறையோடு. பிறகு அதையும் தாண்டி டோம்பிவிலி, பால்கனியோடு. இப்போது பத்லாபூரில் இரண்டு படுக்கையறை, ஜன்னலைத் திறந்தால் மலை. ஒவ்வொரு முறையும் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுத்தோம். அதில் எந்த முடிவும் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஆனால் பத்லாபூரையும் மாட்டுங்காவையும் நேருக்கு நேர் வைத்தால் மாட்டுங்காதான் மேல்.

பள்ளிக் கணக்கில் 'கடப்புத் தொடர்பு' படித்திருப்போம். அ என்பவர் ஆவைவிட உயரம், ஆ இயைவிட உயரம் என்றால் அ இயைவிட உயரம். 'மேல்' என்பதும் அப்படித்தான், அது அந்தச் சொல்லின் பொருளிலேயே அடங்கியது என்பார் தத்துவவாதி ஜான் புரூம். லேரி டெம்கின் 1987 முதல் இதை மறுத்து எழுதி, 2012இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். 1998இல் ஸ்டூவர்ட் ரேச்சல்ஸும் அதே பக்கம் நின்றார். இவர்கள் காட்டுவது வலியை. ஒரு வருடக் கொடிய வலியைவிட, சற்றே குறைந்த வலி நூறு வருடம் என்பது மோசம். இப்படியே வலியைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கொண்டே போனால், கடைசியில் நிற்பது யுகக்கணக்கில் நீளும் லேசான தலைவலி. அது அந்த ஒரு வருடச் சித்திரவதையைவிட மோசமா? யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நான் டெம்கின் பக்கம். 'சின்னச் சின்ன இழப்பைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். இல்லை, கவனித்தோம். இருபது நிமிடப் பயணமா, சமையலறையா என்றால் சமையலறைதான். ஆனால் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்க்கும்போது எடைபோடுகிற பொருளே வேறு. நான் வீட்டுக்குள் நுழையும்போது மகள் தூங்கியிருப்பாள். கையெழுத்துக்காக டைரியைத் திறந்து, பேனாவையும் மேலே வைத்துவிட்டுப் படுத்திருப்பாள். அவளை விழித்திருக்கும்போது பார்ப்பது என்ற கணக்கு அந்த நான்கு மாற்றங்களில் ஒன்றில்கூட வரவில்லை. எந்த இருபது நிமிடமும் தனியாக அதைப் பறிக்கவில்லையே.

அப்படியானால் பத்லாபூரிலிருந்து மறுபடி மாட்டுங்கா, அங்கிருந்து மறுபடி காட்கோபர் என்று வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஏஜென்ட் கமிஷன் கட்டி ஓட்டாண்டி ஆகிவிடுவாய் என்பது எதிர்த்தரப்பின் பழைய வாதம். வலுவான வாதம்தான். ஆனால் முழுப் பாதையும் தெரிந்தவன் நடுவில் எங்காவது நின்றுகொள்ளலாமே. முலுண்டிலேயே நாங்கள் நின்றிருக்கலாம்.

தமிழில் 'அதுக்கு இது தேவலை' என்கிறோம். எதற்கு என்று சொல்லாமல் தேவலை வருவதே அபூர்வம். உயரம் ஆளோடு கூடவே போகும். தேவலை, பக்கத்தில் எதை வைக்கிறோமோ அதைப் பொறுத்தது.

தம்பி இப்போது பத்லாபூரையும் தாண்டி நேரல் என்ற ஊரில் தனி வீடு பார்க்கிறான். 'பத்லாபூருக்கு அது தேவலை அண்ணே' என்கிறான். இருக்கலாம். மாட்டுங்காவோடும் ஒரு தடவை வைத்துப் பாருடா என்று சொல்லியிருக்கிறேன்.